ஐந்தாம் குழியின் கொடி

போன மாதம் என் வீட்டுக்கு ஓர் இளம் பொறியாளர் வந்தார். பெயர் பிரியா. நான் ஓய்வு பெற்ற அதே அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கிறார். மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார். பிரெஞ்சுக் காலத்து அளவைப் படங்களைப் படிக்கத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான் மிச்சம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காபி குடித்துக்கொண்டே பேசினோம். பிறகு மடிக்கணினியைத் திறந்து ஒரு படம் காட்டினார். கடலோரத்தில் வரப்போகும் ஒரு சொகுசு விடுதி, அதற்கென்று ஒரு கோல்ஃப் மைதானம். அனுமதி கேட்டு வந்திருக்கிறது. படம் அழகாகத்தான் இருந்தது. மணல்மேட்டின் மேல் பனைமரம் நின்ற இடத்தில் எல்லாம் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

கையிலிருந்த டம்ளர் சாய்ந்து கைலியெல்லாம் காபி கொட்டிவிட்டது.

"இன்னா சார் ஆச்சு? பிரஷர் மாத்திர போட்டீங்களா?" என்று பதறினார்.

"மாத்திரையெல்லாம் போட்டாச்சும்மா. இந்த மரத்த எல்லாம் எதுக்கு வெட்டுறாங்க?"

"பந்து போற வழியில நிக்குதாம் சார்."

இதே பேச்சை, இதே மாதிரி ஒரு மணல்மேட்டில், மீசை சரியாக முளைக்காத வயதில் கேட்டிருக்கிறேன். பிரியாவிடம் அதை எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரோடு வேலை பார்க்கிறவர்களும் படித்தால் சந்தோஷம்.

என் பெயர் காதர். பிரெஞ்சுக்காரர்கள் இருந்தபோதே பொதுப்பணி அலுவலகத்தில் படம் வரைகிறவனாகச் சேர்ந்தேன். முதலில் நேர்கோடு போடத்தான் விட்டார்கள். பிறகு எழுத்து, பிறகு நிழல். மெழுகுத் துணியில் மசி சிந்தினால் காதைத் திருகுவார்கள். படிப்பு என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான். அவர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போனதும் மேசையும் நாற்காலியும் அப்படியே இருந்தன, ஆட்கள் மாறினார்கள். என்னைப் போன்ற தற்காலிக ஆட்களிடம், வீட்டில் இருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள். வீட்டில் இருந்து பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் கூப்பிட்டவர் முசியே கஸ்பார்.

கஸ்பார் நம் ஊர்த் தமிழர்தான். இளம் வயதிலேயே சைகோனுக்குக் கப்பலேறிப்போய் அங்கே பிரெஞ்சு அரசாங்கத்தில் பொறியாளராக இருந்தவர். அங்கே ஒரு மலை ஊரில் வெள்ளைக்காரர்களுக்கு கோல்ஃப் மைதானம் போட்டுப் பராமரித்தது அவர் பொறுப்பு. சைகோனிலும் கொடி இறங்கி, இங்கேயும் கொடி இறங்கியதைப் பார்த்தவர். வெள்ளை டிரில் சூட்டு, தொப்பி, கழுத்தில் ஒரு விசில். கடற்கரை மணலிலும் சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் நடப்பார். ஆட்கள் நிற்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவும் மாட்டார். எந்த வேலையையும் ஒரே ஒரு முறைதான் சொல்வார். சொல்லி முடித்ததும், "சொன்னதச் சொல்லு" என்பார். நாம் அதை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பினால் திட்ட மாட்டார், மறுபடி முதலிலிருந்து சொல்வார். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம் போலிருக்கும்.

மெட்ராஸ் ஓட்டல் கம்பெனி ஒன்று, கருவடிக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் ஒரு வெள்ளைக்காரரின் பழைய பங்களாவையும் அதைச் சுற்றியிருந்த மணல்காட்டையும் வாங்கியிருந்தது. அப்போது மெட்ராஸ் பக்கம் மதுவிலக்கு. இங்கே கடை திறந்திருந்தது. பெரிய மனுஷர்கள் குடிக்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வர முடியுமா? கோல்ஃப் ஆட வருகிறோம் என்றால் கௌரவமாக இருக்கும். கம்பெனிக்காரர்கள் ஒன்பது குழி கேட்டார்கள். கஸ்பார் இடத்தை நடந்து பார்த்துவிட்டு, ஆறுக்கு மேல் போட்டால் ஒருத்தர் அடிக்கிற பந்து இன்னொருத்தர் மண்டையில் விழும் என்றார். ஆறு என்று முடிவாயிற்று.

அந்த மைதானத்தோடு நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். புல் அருகம்புல்தான். அந்த மலை ஊரிலும் அதையேதான் போட்டாராம். வில்லியனூர்ப் பக்கத்து வயல்வரப்புகளிலிருந்து கூடை கூடையாகக் கொண்டுவந்து நட்டோம். உப்புக்காற்று ஒரே வாரத்தில் அதைப் பொசுக்கிவிட்டது. காற்றைத் தடுக்கச் சவுக்கு வைத்தால் சவுக்கங்கன்றை ஆடு தின்றது. மேட்டில் படர்ந்து கிடந்த அடும்புக்கொடியையும் இராவணன் மீசையையும் ஒருவரும் தொடக்கூடாது, அவைதான் மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன என்று கஸ்பார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எப்படியோ புல் பிடித்தது. அதன்பின் நண்டு வந்தது. நாங்கள் போட்டது ஆறு குழி, நண்டு போட்டதற்குக் கணக்கே இல்லை. பந்து உருண்டு போய் நண்டு வளைக்குள் விழுந்தால் என்ன செய்வது என்று கஸ்பார் தனியாக ஒரு விதியே எழுதினார்.

குழியின் அகலம் நூற்றெட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உலகமெங்கும் அதே அளவுதான். புல் நடும் ஆட்களில் ஒருவனான கன்னியப்பன் இதைக் கேட்டுவிட்டு, "நூத்தெட்டா? அப்போ இது சாமி வெளாட்டுதான்" என்றான். கஸ்பார் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கன்னியப்பன் பக்கத்துக் குப்பத்து மீனவன். அந்தக் குப்பத்தின் பெயர் வேண்டாம், அந்த வீட்டார் இன்னும் அங்கே இருக்கிறார்கள். கடல் சரியில்லாத மாதங்களில் எங்களிடம் கூலிக்கு வந்தான். அவன் மனைவி அஞ்சலை புல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு வந்தாள். இடுப்பில் குடத்தோடு மணல்மேட்டில் ஏறுவாள். எங்களுக்கு வெறுங்கையோடு ஏறவே மூச்சு வாங்கும். அவள் தம்பி ஏழுமலைக்கு அப்போதுதான் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் தினமும் அக்காவைத் தேடி வருவான். அவளோடு சண்டை பிடிப்பான், அவள் கொண்டுவந்த சோற்றைத் தின்பான், போய்விடுவான்.

ஐந்தாம் குழி கடலை ஒட்டிய மணல்மேட்டின் உச்சியில் வந்தது. அந்த உச்சியில் ஒற்றையாக ஒரு பனை நின்றது. பந்து போகிற வழியில் நிற்கிறது, வெட்டிவிடுங்கள் என்று கம்பெனி மேனேஜர் எழுதியிருந்தார். மரத்தைச் சுற்றிப் புல்லை வளைத்துவிடலாமா என்று கஸ்பார் யோசித்தார். இடம் போதவில்லை.

வெட்டப்போகிற சேதி குப்பத்துக்குப் போனதும் அவர்கள் பஞ்சாயத்துப் பெரியவர் வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பனைய வெட்டாதீங்க தொர."

"ஏன்?" என்று கேட்டார் கஸ்பார்.

"வாணாம் தொர. அது இருக்கட்டும்."

"மரம் உங்களுக்குப் பாத்தியப்பட்டதா?"

"இல்லீங்க."

"சாமி மரமா?"

பெரியவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "அப்படின்னே வெச்சிக்குங்க" என்றார்.

சாமி மரம் என்றால் ஒரு கல்லாவது, ஒரு மஞ்சள் துணியாவது இருக்கும். அதில் ஒன்றுமில்லை. நுங்குக்குப் பேரம் பேசுகிறார் போலிருக்கிறது என்று மேனேஜரின் ஆள் சிரித்தான். கஸ்பார் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு முறை காரணம் கேட்டார். பெரியவர் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. மறுநாள் பனை விழுந்தது. வேரைத் தோண்டி எடுத்து, மண்ணைப் போட்டு இடித்து மூடிப் புல் நட்டோம்.

ஆட ஆரம்பிக்கும் இடத்தில் நின்று பார்த்தால் ஐந்தாம் குழி கண்ணுக்குத் தெரியாது. மேட்டின் சரிவு மறைக்கும். அதனால் அந்தக் குழிக்கு மட்டும் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு சவுக்குக் கம்பம், உச்சியில் சிவப்புத் துணி. அதைப் பார்த்து அடித்தால் பந்து மேட்டின் மேல் வந்து விழும். கம்பத்தை நட்டவன் கன்னியப்பன். கஸ்பார் இன்னும் கொஞ்சம் தெற்கே தள்ளச் சொன்னார்.

"தொர, அங்க பொலபொலன்னு கெடக்குது. இங்கதான் மண்ணு கெட்டி" என்றான் கன்னியப்பன்.

கஸ்பார் குதிகாலால் அழுத்திப் பார்த்தார். கெட்டியாகத்தான் இருந்தது. சரி என்றார். பனையின் வேர் இருந்த அதே இடம் அது என்று எனக்குத் தெரியும். இடித்து மூடிய மண் இறுகித்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கம்பம் நின்றதும் கன்னியப்பன் கடல் பக்கம் திரும்பி ஒரு முறை, குப்பத்துப் பக்கம் திரும்பி ஒரு முறை பார்த்தான். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கம்பு நட்டதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று கேட்டேன். "அழகா கீதுல்ல?" என்றான்.

கடல் தெளிந்ததும் அவனும் ஏழுமலையும் தொழிலுக்குப் போய்விட்டார்கள். அஞ்சலை மட்டும் தண்ணீர் ஊற்ற வந்துகொண்டிருந்தாள். புல் வேர் பிடிக்கட்டும் என்று ஐந்தாம் குழிப்பக்கம் மாதக்கணக்கில் யாரையும் ஆட விடவில்லை. கொடி அங்கேயே நின்றது.

திறப்பு நாள் நெருங்கியது. மெட்ராஸிலிருந்து கம்பெனி துரைகள், நெய்வேலிச் சுரங்கத்துக்கு வந்திருந்த வெளிநாட்டு இஞ்சினியர்கள் எல்லாரும் அன்று காலையில் ஆட வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் மாலை கஸ்பார் என்னைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டு போனார். ஐந்தாம் குழியில் கம்பம் காற்றில் ஆடி ஆடிக் குழியின் விளிம்பு சிதைந்திருந்தது. கோல்ஃப் மைதானத்தில் குழி ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. ஆட்கள் மிதித்து மிதித்துப் புல் செத்துவிடும். அதனால் அவ்வப்போது மாற்றுவார்கள். அது அந்த ஆட்டத்தின் நடைமுறை. படத்தில்கூட நான் குழிகளைப் பென்சிலில்தான் குறித்திருந்தேன், மசியில் குறிக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு.

அந்த வேலையை கஸ்பார் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. கைக்குட்டையை விரித்து அதன் மேல் முழங்காலை ஊன்றிக் குனிந்தார். என் மாமா பட்டறையில் அடித்துக் கொடுத்த வட்டக்கத்தி, கைப்பிடி வைத்த இரும்புக் குழாய் அது. அதைப் புல்லில் நிறுத்தி, உடம்பின் எடையை மெல்ல இறக்கி, இப்படிக் கால்வட்டம் அப்படிக் கால்வட்டம் திருகினார். மண் ஒரு கட்டியாக, மேலே புல்லோடு வெளியே வந்தது. பழைய குழிக்குள் பதித்திருந்த தகர டப்பாவை எடுத்துப் புதுக் குழியில் இறக்கினார். எடுத்த மண்கட்டியைப் பழைய குழியில் பொருத்தி, உள்ளங்கையால் அழுத்தி, தண்ணீர் தெளித்து, கத்தரிக்கோலால் ஓரம் வெட்டினார். கன்னத்தைத் தரையில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தார். பழைய குழி இருந்த இடத்தில் ஒரு மெல்லிய வட்டம் மட்டுமே தெரிந்தது. பிறகு இருவருமாகக் கம்பத்தைத் தூக்கிப் புதுக் குழியில் நிறுத்தினோம். தெற்கே சில தப்படிதான். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான் மனசாரப் பாராட்டினேன்.

மறுநாள் காலை. வெயில் இன்னும் ஏறவில்லை. விருந்தாளிகள் வருவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்க்க நானும் கஸ்பாரும் ஐந்தாம் குழிக்கு ஏறினோம். முதல் நாள் மேற்கே பெய்த மழையில் கடல் கலங்கிச் செம்மண் நிறத்தில் கிடந்தது. தூரத்தில் கட்டுமரங்கள் திரும்பிக்கொண்டிருந்தன. இரண்டு முன்னால் வந்துவிட்டன. மற்றவை பின்னால் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அஞ்சலை குடத்தோடு மேடேறி வந்தாள். வழக்கம்போல் எங்களுக்குக் கும்பிடு சொல்ல வாயெடுத்தவள், கொடியைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். கடலைப் பார்த்தாள். மறுபடி கொடியைப் பார்த்தாள்.

குடம் விழுந்து உடைந்தது. பாய்ந்து வந்து கம்பத்தைக் குழியிலிருந்து பிடுங்கினாள். நானும் கஸ்பாரும் சேர்ந்து தூக்கிய கம்பம். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடி, தரையெல்லாம் கண்ணால் துழாவி, அந்த மெல்லிய வட்டத்தைக் கண்டுபிடித்து, அதன் மேல் கம்பத்தை ஊன்றி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். கஸ்பார் விசில் அடித்தார்.

"அஞ்சலை! இன்னா பண்ற நீ?"

"கொடிய எவன்யா நவுத்தனது?" என்று கத்தினாள். "எவன்யா நவுத்தனது?"

கஸ்பார் பதில் சொல்வதற்குள் கடலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. விறகு பிளக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். முன்னால் வந்த கட்டுமரம் அலைக்கு நடுவில் நின்றுவிட்டது. அடுத்த அலை அதன் மேல் ஏறியது. கட்டைகள் தனித்தனியாகப் பிரிந்தன. அதில் நின்றிருந்த ஆளைக் காணோம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இடத்தில் தண்ணீருக்கடியில், எந்தக் காலத்திலோ மூழ்கிய கப்பல் ஒன்றின் இரும்பு கிடக்கிறது. அலுவலகத்துப் பழைய படத்தில் அதற்கு ஒரு சின்னச் சிலுவைக் குறி உண்டு. மைதானப் படத்துக்கு நகல் எடுத்தபோது அந்தக் குறியை நானேதான் போட்டேன். அது கடலில் இருக்கிற சமாசாரம், நமக்கென்ன என்று எல்லாரும் விட்டுவிட்டோம். அந்த இரும்பில் மாட்டாமல் கரையேற மீனவர்களுக்கு ஒரு வழி இருந்தது. மேட்டிலிருந்த பனை ஒன்று, குப்பத்துக் கோயிலருகே இன்னொரு பனை. முன்பனை பின்பனையை மறைத்து இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் நேராக வந்துவிடலாம். முன்பனையைத்தான் நாங்கள் வெட்டினோம். அதன் இடத்தில்தான் கன்னியப்பன் கொடியை நட்டான். அத்தனை மாதமாகக் குப்பமே எங்கள் கொடியைப் பார்த்துக் கரையேறிக்கொண்டிருந்தது.

அஞ்சலை கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். காற்றில் அது ஆடியது. தோளைக் கொடுத்து நிமிர்த்தினாள்.

"முன்னால போனது தம்பிதான்" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "ஏழுமலைதான் எப்பவும் முன்னால வருவான். பின்னால அவரு வராரு."

ஏழுமலை விழுந்த இடம் அவளுக்கு நேர் எதிரே தெரிந்தது. கீழே குப்பத்து ஆட்கள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பனின் கட்டுமரம் அதே தப்பான வழியில், பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அவள் கண் ஒரு முறை அங்கே போகும், ஒரு முறை இங்கே வரும். கால் மட்டும் அசையவில்லை. நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

கஸ்பாருக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் தொப்பி விழுந்ததுகூடத் தெரியாமல் அவளிடம் ஓடிக் கம்பத்தில் கை வைத்தார்.

"நான் புடிச்சிக்கிறேன். நீ போம்மா. போயி உன் தம்பியப் பாரு."

அவள் அவர் கையைத் தோளால் இடித்துத் தள்ளினாள். அன்றுவரை தொர என்ற சொல் இல்லாமல் அவரிடம் பேசியதே இல்லை.

"உடமாட்டேன்" என்றாள். "நீ நவுத்திடுவ."

கஸ்பார் கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

கன்னியப்பன் கொடி இடம் மாறியதைக் கண்டிருக்க வேண்டும். துடுப்பைப் போட்டு வடக்கே திருப்பினான். கட்டுமரம் கோணலாகி, ஒரு அலையில் காணாமல் போய், அடுத்த அலையில் மேலே வந்தது. இரும்புக்கு அந்தப் பக்கமாகத் தாண்டிக் கரையில் வந்து மோதியது. அவன் மணலில் கால் வைத்ததைப் பார்த்தபிறகுதான் அஞ்சலை கம்பத்தை விட்டாள். அது சாய்ந்து விழுந்தது. அவள் தம்பி பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டே மேட்டிலிருந்து உருண்டும் எழுந்தும் ஓடினாள்.

கஸ்பார் கம்பத்தை எடுத்தார். அந்த வட்டத்தின் மேல் ஊன்றி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். கடலில் இன்னும் கட்டுமரங்கள் இருந்தன. நானும் ஒரு கை கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கார்கள் வந்தன. துரைகள் மட்டைப்பையோடு மேடேறி வந்து, தொப்பியில்லாமல் வெயிலில் கொடிக்கம்பத்தைக் கட்டிப் பிடித்து நிற்கும் பொறியாளரைப் பார்த்துத் திகைத்தார்கள். மேனேஜர் இங்கிலீஷில் என்னென்னவோ கேட்டார். கஸ்பார் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கடைசிக் கட்டுமரம் கரையேறும்வரை கம்பத்தை விடவில்லை.

ஏழுமலையைக் கடல் தெற்கே கொண்டுபோய் ஒதுக்கியது. மாலைக்குள் உடல் கிடைத்தது.

அன்று கஸ்பார் என்னைப் படத்தை விரிக்கச் சொன்னார். பின்பனையிலிருந்து பழைய குழி வழியாக அடிமட்டத்தை வைத்துக் கடலுக்குள் கோடு இழுத்தேன். சிலுவைக் குறிக்கு வடக்கே நல்ல இடைவெளி விட்டுப் போயிற்று. பின்பனையிலிருந்து புதுக் குழி வழியாக இன்னொரு கோடு இழுத்தேன். பென்சில் நேராகச் சிலுவையின் மேல் போயிற்று. கரையில் சில தப்படி, கடலுக்குள் ஒரு தெருவின் அகலம். நிலம் அளக்கிறவனுக்குப் பாலபாடம் இது. கஸ்பார் அந்தச் சிலுவையின் மேல் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் நிற்க அவர் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

காரியம் முடிந்த பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பஞ்சாயத்துப் பெரியவர் வந்து எதிரே நின்றார். அன்று தலைத்துண்டு தலையிலேயே இருந்தது.

"ஏன் பெரியவரே அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டார் கஸ்பார். "மூணு தடவ கேட்டேனே."

"கடல் அடையாளத்த கரைக்காரங்ககிட்ட சொல்ற வழக்கம் எங்களுக்கு இல்ல தொர. எங்க அப்பன் சொன்னதில்ல, நாங்களும் சொன்னதில்ல. மீனு எங்க கெடக்குது, எப்படிப் போறோம், எப்படி வரோம், எல்லாம் அதுலதான் இருக்குது. வாணாம்னு சொன்னா உட்ருவீங்கன்னு நெனச்சோம்." மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "கொடி நட்டப்போ சரி போ, பொழச்சோம்னு இருந்தோம். நட்ட கொடிய எவனாச்சும் எடுத்து வேற எடத்துல நடுவான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர்கள் வழக்கத்தை அவர் அறியவில்லை. அவர் ஆட்டத்தின் நடைமுறையை இவர்கள் அறியவில்லை. நடுவில் ஒரு பிள்ளை போய்விட்டான்.

"இப்போ நான் இன்னா செய்யணும், சொல்லுங்க" என்றார் கஸ்பார்.

"கொடி பழைய எடத்துல நிக்கணும். இரும்புல போடுங்க. சிமெண்டு வெச்சிக் கட்டுங்க. யாரு சொன்னாலும் நவுரக் கூடாது."

கஸ்பார் கைகளைப் பக்கத்தில் சேர்த்து நேராக நின்றார். "கொடி பழைய எடத்துல நிக்கணும். இரும்புல போடணும். சிமெண்டு வெச்சிக் கட்டணும். யாரு சொன்னாலும் நவுரக் கூடாது" என்று ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார். எங்களை எத்தனையோ முறை சொல்ல வைத்தவர் அவர்.

அப்படியே செய்தார். இரும்புக் குழாய், சுற்றிலும் காங்கிரீட். ஐந்தாம் குழி அதன் அடியிலேயே நிலைத்தது. ஆடுகிறவர்கள் ஒரே இடத்தை மிதித்து மிதித்து அங்கே புல் செத்து வெறும் மணலாயிற்று. பந்து கம்பத்தில் பட்டுத் தெறிக்கிறது என்று புகார் வந்தது. கொடியை நகர்த்தச் சொல்லி மேனேஜர் எழுதிக்கொண்டே இருந்தார். கஸ்பார் முடியாது என்று எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள். மைதானமும் வெகுநாள் ஓடவில்லை. ஆடு தின்றது போக மிச்சத்தை மணல் மூடியது. ஊர் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில் அவர் பிரான்சுக்குக் கப்பலேறினார். வழியனுப்பப் போனபோது, "காதர், வருஷா வருஷம் அதுக்குப் பெயிண்ட் அடிக்கணும். உப்புக்காத்துல அரிச்சிடும். சொன்னதச் சொல்லு" என்றார். சொன்னேன்.

எனக்கு மறுபடி அரசாங்க வேலை கிடைத்து, ரோடு, பாலம், கதிர்காமத்துப் பக்கம் கட்டடம் என்று எவ்வளவோ வரைந்தேன். எதிலாவது மரத்தை எடுக்க வேண்டியிருந்தால், யாருக்கு அது எங்கிருந்து தெரிகிறது என்று போய்ப் பார்த்த பிறகுதான் கோடு போட்டேன். பிரியாவும் ஒரு கட்டுமரத்தில் ஏறி, கடலில் கொஞ்ச தூரம் போய் அந்தப் பனைகளைப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடட்டும். நான் கேட்பது அதுதான்.

வருஷா வருஷம் பெயிண்ட் டப்பாவோடு அந்த மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அரசாங்க வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு தடவை போனபோது அஞ்சலை மேடேறி வந்தாள். மைதானமும் இல்லை, தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. வெறுங்கையோடு வந்தாள். நான் தூரிகையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அவள் என்னைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. நான் அடித்த சிவப்புப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். தோளைக் கொடுத்துப் பலம் கொண்ட மட்டும் ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. கடலில் கட்டுமரங்கள் திரும்பிக்கொண்டிருந்தன. உள்ளங்கையெல்லாம் சிவப்போடு அவள் கீழே இறங்கிப் போனாள்.